எண்ணெய்க் கழிவு போடும் பயோகேஸ் கலன்: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

கொழுப்பு போட்டால் கேஸ் நிறைய வரும் என்று கேள்விப்பட்டு ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். அது பொய்யில்லை. 1 கிலோ எண்ணெய் முழுவதும் செரித்தால் சுமார் 1000 லிட்டர் மீத்தேன் கிடைக்கும். அதே எடை மாவுச்சத்து தருவது 400 லிட்டர் சொச்சம்தான். ஆனால் அந்த ‘முழுவதும் செரித்தால்’ என்பதில்தான் கீழே வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒளிந்திருக்கின்றன.

உள்ளே போன எண்ணெய் முதலில் கிளிசராலாகவும் நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாகவும் உடைகிறது. இந்த வேலை சீக்கிரமே முடிந்துவிடும். அடுத்ததுதான் சிக்கல். அந்த அமிலங்களைத் துண்டு துண்டாக நறுக்கி அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுவதற்கென்று தனி பாக்டீரியாக் கூட்டம் ஒன்று உண்டு. மெதுவாகப் பெருகும் கூட்டம் அது. அது வெளிவிடும் ஹைட்ரஜனை மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் உடனுக்குடன் தின்று தீர்க்க வேண்டும். ஹைட்ரஜன் கொஞ்சம் தேங்கினாலும் நறுக்கும் வேலை நின்றுவிடும். ஒன்று சோர்ந்தால் மற்றதும் பட்டினி.

அதனால் கோளாறு எதுவானாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: போட்ட கொழுப்பு கேஸாக வரவில்லை என்றால் இப்போது எங்கே இருக்கிறது? மேலே மிதக்கிறதா, குழாயில் உறைந்திருக்கிறதா, நுண்ணுயிர்கள் மேல் படிந்து மூச்சை அடைக்கிறதா, இல்லை பாதி வழியில் அமிலமாகி நிற்கிறதா? இடம் தெரிந்துவிட்டால் வைத்தியம் தானாகத் தெரியும்.

இங்கே சொல்லும் அளவுகள் 1000 லிட்டர் கரைசல் கொள்ளும் கலனுக்கானவை: மிதக்கும் டிரம் வகை (கரைசல் மேல் கவிழ்த்த டிரம், கேஸ் சேரச் சேர ஏறும்), சாணக் கரைசலில் ஆரம்பித்தது, கையால் கலக்குவது, தனியாகச் சூடேற்றாதது. உங்களுடையது 500 லிட்டர் என்றால் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

6 முதல் 8 வரை நுணுக்கமாகக் காட்டும் பிஎச் தாள் (பிஎச் என்பது புளிப்பு-கார அளவு; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்), ஒரு வெப்பமானி, சோப்பு நீர், அப்புறம் ஒரு நோட்டு. நோட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாலு பத்தி போதும்: தேதி, போட்ட கழிவு, அதில் எண்ணெய் எவ்வளவு, டிரம் எத்தனை செ.மீ. ஏறியது. டிரம்மின் குறுக்களவு 1 மீட்டர் என்றால் 1 செ.மீ. ஏற்றம் சுமார் 8 லிட்டர் கேஸ்.

இந்தக் கணக்கு எதற்கு? 100 கிராம் எண்ணெய் போட்டால் அடுத்த பத்துப் பதினைந்து நாளில் வழக்கத்தைவிடச் சுமார் 140 முதல் 150 லிட்டர் வரை கூடுதலாக பயோகேஸ் (மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்தது) வர வேண்டும். டிரம் கணக்கில் அது 18 செ.மீ. அளவு. அதில் பாதிகூட வரவில்லை என்றால் எண்ணெய் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. வாடையும் நிறமும் சொல்வதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும்.

கேஸ் வருகிறது, பற்றவைத்தால் எரியவில்லை

கலன் புதிதா, ஓடிக்கொண்டிருந்ததா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

புதிதாகச் சாணம் கரைத்து ஊற்றி முதல் ஒன்றிரண்டு வாரத்தில் வரும் கேஸ் பெரும்பாலும் காற்றும் கார்பன் டை ஆக்சைடும்தான். அதைத் திறந்தவெளியில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், விட்டுவிடுங்கள். டிரம் இரண்டு மூன்று முறை நிரம்பிக் காலியாகட்டும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும். முதல் நிரப்பு அந்தக் கலவையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எரிகிறதா பார்ப்போம் என்று டிரம் வாயிலேயே தீக்குச்சியை நீட்டக் கூடாது. கலனிலிருந்து தள்ளி, நீண்ட டியூபின் நுனியில் அடுப்பில்தான் சோதிக்க வேண்டும்.

நன்றாக எரிந்துகொண்டிருந்த கலன் திடீரென்று எரியாத கேஸைத் தந்தால் விஷயம் வேறு. அமிலம் ஆக்கும் பாக்டீரியா ஓடுகிறது, மீத்தேன் ஆக்குபவை பின்தங்கிவிட்டன. மீத்தேன் பாதிக்கும் கீழே சரியும்போது ஜுவாலை பர்னரை விட்டுத் தாவித் தாவி அணையும். உடனே பிஎச் பாருங்கள். 6.8க்குக் கீழே என்றால் ‘புளித்த வாடை’ பகுதிக்குப் போகலாம். 7க்கு மேலே இருந்தால் கேஸைக் குறை சொல்லும் முன் அடுப்பைப் பாருங்கள். சிலிண்டர் கேஸ் அடுப்பின் ஜெட் துளை பயோகேஸுக்கு மிகச் சிறியது. கேஸ் நல்லதாக இருந்தாலும் அதில் எரியாது.

எண்ணெய் ஊற்றிய சில நாளில் கேஸ் படுத்துவிட்டது, பிஎச் சரியாக இருக்கிறது

இதுதான் அசல் கொழுப்பு நோய். பலரும் தவறாகக் கணிப்பதும் இதைத்தான். நானும் கணித்திருக்கிறேன்.

ஒரு தடவை, பொரித்து மீந்த எண்ணெய் அரை லிட்டருக்கு மேல் சேர்ந்துவிட்டது. வீணாக்குவானேன் என்று ஒரே நாளில் கலனில் ஊற்றினேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் டிரம் வழக்கத்தைவிட உயரமாக ஏறியது. நல்ல சந்தோஷம். நாலாம் நாள் பாதியாகக் குறைந்தது. ஆறாம் நாள் கால்வாசி. பிஎச் தாள் 7.2 காட்டியது, புளித்த வாடையும் இல்லை. அமிலம் இல்லை, அப்படியானால் பசிதான் என்று முடிவுகட்டி இன்னும் ஒரு வாளி கழிவைப் போட்டேன். அந்த ஒரு வாளிக்கு மூன்று வாரம் தண்டனை கிடைத்தது.

நடந்தது இதுதான். எண்ணெய் உடைந்து வந்த நீள்சங்கிலி அமிலங்கள், முக்கியமாகப் பால்மிடிக், ஒலியிக் போன்றவை, தண்ணீரில் கரைந்து திரிவதில்லை. நுண்ணுயிர்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. மேலே ஒரு கொழுப்புப் போர்வை. சாப்பாடு உள்ளே போக வழியில்லை, கேஸ் வெளியே வரவும் வழியில்லை. எளிதில் கரையும் அமிலம் சேராததால் பிஎச் அசையாமல் நிற்கிறது. பிஎச் தாளை மட்டும் நம்புகிறவர் இங்கே ஏமாறுவார்.

மருந்து பட்டினி. லங்கணம் பரம ஔஷதம் என்பது கலனுக்கும் பொருந்தும். போர்வையாக ஒட்டிய கொழுப்பும் சாப்பாடுதான். வேறு எதுவும் போடாமல் விட்டால் நுண்ணுயிர்கள் அதையே மெல்ல மெல்லத் தின்று கேஸாக்கிவிடும். அடியோடு செத்துப்போவது அபூர்வம். திரும்ப எழுந்துவிடும், பொறுமைதான் வேண்டும்.

கழிவு போடுவதை முழுக்க நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் ‘கழுவ’ நினைக்க வேண்டாம். ஒட்டிய கொழுப்பு தண்ணீருக்குப் பெயர்ந்து வராது, உள்ளே இருக்கும் நல்ல கூட்டம்தான் வெளிவாய் வழியாகப் போய்விடும். வேறொரு கலனிலிருந்து நன்றாக வேலை செய்யும் ஸ்லரி (கலனுக்குள் செரிக்கும் கரைசல்) 50 முதல் 100 லிட்டர் கிடைத்தால் ஊற்றுங்கள். அது இல்லாவிட்டால் நீர்க்கக் கரைத்த புதுச் சாணம் இரண்டு வாளி போதும். இருக்கும் கொழுப்பைப் பகிர்ந்துகொள்ள ஆள் கூடும் என்பதுதான் இதன் பொருள். நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நாலைந்து நிமிடம், மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்துக் கலக்கினால் நறுக்குகிறவையும் ஹைட்ரஜன் தின்கிறவையும் ஒட்டி வாழும் சின்னச் சின்னக் கூட்டங்கள் சிதறிவிடும்.

பென்டோனைட் களிமண் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது கொழுப்பு அமிலங்களைத் தன்மேல் இழுத்து வைத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் எண்ணெயோடு சேர்த்தே போட்டால்தான் நல்ல பலன். ஒட்டி முடிந்த பிறகு போட்டால் அடியில் வண்டலாகப் படிவதுதான் மிஞ்சும்.

குணமாகும்போது கேஸ் ஒரே சீராக ஏறாது. பல நாள் அசைவே இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு காலையில் போய்ப் பார்த்தால் டிரம் நிமிர்ந்து நிற்கும். ஒன்றுமே போடாத கலன் அப்படிக் கேஸ் தருவதைப் பார்த்து உடனே எண்ணெய்ப் பாத்திரத்தை எடுத்துவிடாதீர்கள். வருவது பழைய பாக்கி. அது வடிந்து, கேஸ் மறுபடி குறையத் தொடங்கும் வரை பொறுத்திருங்கள்.

புளித்த வாடை, பிஎச் 6.8க்குக் கீழே

இங்கே கொழுப்பு பாதி வழி வந்துவிட்டு நிற்கிறது. வெளிவாயில் வரும் ஸ்லரி வாந்தி வாடை அடிக்கும். கறுப்பாக இருக்க வேண்டியது சாம்பல் நிறத்துக்கு வெளிறியிருக்கும். கேஸ் வரும், எரியாது.

முதல் வேலை தீவனத்தை நிறுத்துவது. 6.5க்கும் 6.8க்கும் நடுவில் இருந்தால் நாலைந்து நாள் சும்மா விட்டாலே பல தடவை தானாக ஏறிவிடும். 6.5க்குக் கீழே போனால்தான் காரம் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

சேர்ப்பதானால் சமையல் சோடா. 250 கிராமை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, உள்வாயில் ஊற்றி, கலக்கிவிட்டு, மறுநாள் பிஎச் பார்த்த பிறகுதான் அடுத்த 250. மொத்தத்தில் 1000 லிட்டருக்கு 1 முதல் 2 கிலோவுக்கு மேல் போக வேண்டாம். அதிலுள்ள சோடியம் சேர்ந்தால் அதுவும் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. சமையல் கழிவில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். சோடா போட்ட அன்று டிரம் குபுகுபுவென்று ஏறும். சந்தோஷப்பட ஒன்றுமில்லை, சோடா அமிலத்தோடு சேர்ந்து விட்ட கார்பன் டை ஆக்சைடு அது.

சுண்ணாம்பு வேண்டாம் என்பது என் கட்சி. மலிவு, சக்தியும் அதிகம், அதுதான் பிரச்சினை. கை கொஞ்சம் தாராளமானால் பிஎச் ஒரே தாவலில் 8ஐத் தாண்டிவிடும். தவிர அது கேஸில் உள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கல்லாகப் படியும். அசையாத டோம் உள்ள கலன்களில் இப்படி உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, பொருத்துகள் வழியே காற்றை இழுக்கவும் கூடும்.

பிஎச் ஏறியதும் வைத்தியம் முடிந்துவிட்டது என்று இருந்துவிட வேண்டாம். சோடா அமிலத்தை மட்டுப்படுத்தும், தின்று தீர்க்காது. கேஸ் நீலமாக, நிலையாக, விடாமல் மூன்று நாள் எரிந்தால்தான் நம்பலாம்.

மேலே கெட்டியாக ஆடை கட்டிவிட்டது

டிரம்மைச் சுழற்றினால் இறுகலாகச் சுற்றுகிறது, கலக்கும் தடி மேலேயே முட்டி நிற்கிறது, ஓரத்தில் மட்டும் குமிழி வருகிறது. மேலே கொழுப்பு ஏடு படிந்து, நார்க்கழிவோடு பின்னிக்கொண்டு பாயாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒருமுறை என் கலனிலிருந்து ஒரு துண்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். நாலு விரல் கனம். மேல்பக்கம் மெழுகுவர்த்தி உருகி உறைந்ததுபோல மஞ்சளும் வெள்ளையும் கலந்து, நகத்தால் கீறினால் வழுவழுவென்று சுருண்டு வந்தது. நடுவில் காய்த்தோலும் நாரும் அடுக்கடுக்காக. அடிப்பக்கம் மட்டும் கறுத்து, நொறுங்கி, சின்னச் சின்ன ஓட்டைகளோடு இருந்தது. ஸ்லரியைத் தொட்டுக்கொண்டிருந்த அந்த அரை விரல் கனம்தான் செரித்துக்கொண்டிருந்தது. மீதி எல்லாம் வெறும் சரக்கிருப்பு.

குளிர் நாட்களில் இது சீக்கிரம் வரும். ஒலியிக் அமிலம் 13, 14 டிகிரிக்குக் குளிரும்வரை திரவமாகவே இருக்கும். பால்மிடிக் 63 டிகிரியில்தான் உருகும், ஸ்டியரிக் 69இல். ஊற்றும்போது திரவமாக இருந்த எண்ணெய்கூட உள்ளே உடைந்தபின் உறைகிற அமிலமாக மிதப்பது இதனால்தான். இறைச்சிக் கொழுப்பும் வெண்ணெய் வகைகளும் இதில் முதலிடம்.

ஆடை மெல்லியதாக இருந்தால், வெளிவாயிலிருந்து மூன்று நாலு வாளி ஸ்லரியை எடுத்துச் சூடாக்கி, 40 டிகிரி அளவுக்கு, அதாவது கைக்கு இதமான சூட்டுக்கு, வந்த பிறகு உள்வாயில் வேகமாக ஊற்றி, தடியால் ஆடையை அமுக்கி நனையுங்கள். நனைய வைப்பதுதான் குறிக்கோள், உடைப்பது இரண்டாம்பட்சம். நனைந்தால் அடியிலிருந்து நுண்ணுயிர்கள் ஏறி வந்து தின்னும். தினம் ஒருமுறை, ஒரு வாரம். கொதிக்கும் நீர் வேண்டவே வேண்டாம், பட்ட இடத்தில் எல்லாம் செத்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் ஊற்றிக் கரைக்கலாமா என்ற யோசனையும் சிலருக்கு வருகிறது. கூடாது. எண்ணெயைக் கரைக்கும் அதே குணம் நுண்ணுயிரின் மேல்தோலையும் கெடுக்கும்.

ஒரு சாணுக்கு மேல் கனம் என்றால் திறந்து எடுக்கத்தான் வேண்டும். கேஸை முழுக்க எரித்துத் தீர்த்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், காற்றோட்டமான நேரத்தில், இன்னொரு ஆள் பக்கத்தில் நிற்க, டிரம்மைத் தூக்குங்கள். நெருப்பு, மின் விளக்கு, பொறி பறக்கும் கருவி எதுவும் அருகில் வேண்டாம். நீளமான பிடியுள்ள வாரியால் வெளியே நின்றபடியே எடுக்க வேண்டும். கலனுக்குள் தலையை நீட்டுவதோ இறங்குவதோ கூடவே கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை வாடை அடிக்கும் விஷ வாயு, 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலேயே மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டதே என்று குனிகிறவர் எழுவதில்லை.

எடுத்த பாளத்தை எறிய வேண்டாம். அரைத்து, சூடான ஸ்லரியில் கரைத்து, ஒரு மூடிய வாளியில் வைத்துக்கொண்டால் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். அவ்வளவும் கேஸ் ஆச்சே.

நுரை பொங்கி கேஸ் டியூபுக்குள் வந்துவிட்டது

ஆடையும் நுரையும் ஒன்றில்லை. ஆடை உறைந்து கிடக்கும், நுரை உயிரோடு ஏறும். கொழுப்பும் புரதமும் சேர்ந்து ஒரே நாளில் அதிகமாகப் போனால் வரும். பல நாள் பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையப் போட்டாலும் வரும்.

கலக்குவதை நிறுத்துங்கள், தீவனத்தையும் நிறுத்துங்கள். வெளிவாயில் இரண்டு மூன்று வாளி ஸ்லரி எடுத்து மட்டத்தை இறக்கினால் நுரைக்கு இடம் கிடைக்கும். டியூபுக்குள் போனது காய்ந்து அடைத்துக்கொள்ளும் முன் டியூபைக் கழற்றித் தண்ணீரில் அலசிவிடுங்கள். ‘நுரை அடங்கக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும்’ என்று ஒரு கைவைத்தியம் உண்டு. பொங்கும் பாத்திரத்துக்கு அது சரி. ஏற்கெனவே கொழுப்பில் மாட்டியிருக்கும் கலனுக்கு அது எரிகிற தீயில் எண்ணெய்தான்.

உள்வாயில் ஊற்றினால் இறங்கவில்லை

வெயில் ஏறிய பிறகு இறங்குகிறது, காலையில் இறங்கவில்லை என்றால் குழாய்ச் சுவரில் கொழுப்பு உறைந்திருக்கிறது. தடிமனான கயிற்றில் பழைய துணியைச் சுற்றியோ, வளையும் குழாய்த் துண்டாலோ குத்திவிட்டு, 50 டிகிரி அளவுச் சூட்டில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். இனி எண்ணெயைத் தனியாக ஊற்றாதீர்கள். அரைத்த கழிவோடு வெதுவெதுப்பாகக் கலந்து ஊற்றி, பின்னாலேயே அரை வாளி ஸ்லரி விடுங்கள்.

வெளிவாயில் வெள்ளை மணிகள்

அரிசி அளவிலிருந்து மொச்சை அளவுவரை, விரலால் நசுக்கினால் சோப்புபோல வழுக்கும் வெள்ளை உருண்டைகள். கொழுப்பு அமிலமும் தண்ணீரில் உள்ள கால்சியமும் சேர்ந்து உண்டானவை. கடினநீர் பயன்படுத்துகிறவர்களிடம் அதிகம் பார்க்கலாம்.

இதில் ஒரு நல்லதும் உண்டு: கால்சியத்தோடு கட்டுண்ட கொழுப்பு நுண்ணுயிர் மேல் ஒட்டுவது குறைவு. ஆனால் கேஸாக வேண்டியது செரிக்காமல் வெளியே போகிறது. நோட்டில் கணக்கு இடிக்கும் இடம் இதுவே. தினப்படி எண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள். மணிகளைச் சல்லடையில் அரித்தெடுத்து, நசுக்கி, மறுபடி உள்வாயில் விடலாம்.

அழுகிய முட்டை வாடை

இதற்குக் கொழுப்பைக் குற்றம் சொல்ல முடியாது. கந்தகம் புரதத்திலிருந்து வருகிறது. முட்டை, இறைச்சி, மீன் கழிவு கூடியிருக்கும். கேஸ் டியூபின் நடுவில் துருவேறிய இரும்பு நார் அடைத்த ஒரு குழாயை வைத்தால் பிடித்துக்கொள்ளும். நார் முழுக்கக் கறுத்ததும் மாற்றுங்கள். கழற்றிய நாரைக் காற்றில் வைக்கும்போது அது சூடாகும், காகிதம் துணி பக்கத்தில் போடாதீர்கள். எரியாத கேஸ் அந்த வாடையோடு வீட்டுக்குள் வந்தால் அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்து, பொருத்துகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு.

டிரம் நிறைய இருக்கிறது, அடுப்பில் மட்டும் சீறிச் சீறி எரிகிறது

டியூபில் தண்ணீர். கேஸ் ஈரத்தோடு வந்து குளிர்ந்த இடத்தில் வடிந்து, தொங்கும் பள்ளத்தில் தேங்குகிறது. பள்ளத்தில் ஒரு வடிகுழாய் வையுங்கள், அல்லது டியூபைக் கலனை நோக்கிச் சரிவாகக் கட்டுங்கள். முடிந்தது.

கோளாறு என்று சொல்ல எதுவும் இல்லை, மாதக்கணக்கில் கேஸ் மட்டும் தேய்கிறது

முதலில் வெப்பமானியைப் பாருங்கள். இந்த நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரியை ஒட்டியிருந்தால் கொண்டாட்டம், 20க்குக் கீழே மந்தம். குளிர் பருவத்தில் கேஸ் குறைவது நோயில்லை. அப்போது எண்ணெயை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் குறைவாகப் போட்டு வந்தால் போதும்.

வெயில் காலத்திலும் தேய்ந்தால், சாணத்தை விட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நோட்டில் பாருங்கள். சமையல் கழிவை மட்டும் மாதக்கணக்கில் தின்னும் கலனுக்குக் கோபால்ட், நிக்கல், செலினியம் போன்ற நுண்சத்துகள் தட்டுப்படும். துளியூண்டு அளவுதான் தேவை, ஆனால் அது இல்லாமல் மீத்தேன் ஆக்கும் நொதிகள் வேலை செய்யாது. கொழுப்பில் தழைச்சத்தும் கிடையாது. எண்ணெய் கூடக் கூட இந்தப் பஞ்சமும் கூடும். வாரம் ஒரு வாளிச் சாணக் கரைசல் ஊற்றினால் இரண்டு குறையும் தீரும். கடையில் விற்கும் ‘பயோகேஸ் பாக்டீரியா’ பொடிகளைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

மறுபடி எண்ணெய் போட ஆரம்பிப்பது

கலன் தெளிந்து, பிஎச் 7க்கும் 7.5க்கும் நடுவில் நின்று, நீல ஜுவாலை ஒரு வாரம் நிலைத்தபின் முதல் மூன்று நாள் எண்ணெய் இல்லாத கழிவு, வழக்கத்தில் பாதி. அப்புறம் நாளுக்கு 20 கிராம் எண்ணெய். பத்து நாள் அதே அளவு. நோட்டில் கணக்கு ஒத்துவந்தால் இன்னும் 20 கூட்டலாம். இப்படியே ஏறி, சூடேற்றாத, கையால் கலக்கும் 1000 லிட்டர் கலனில் நாளுக்கு 100 கிராமை எட்டியதும் நான் நிறுத்திக்கொள்வேன். அது தரும் கூடுதல் கேஸ், அடுப்பைப் பொறுத்து, இருபது நிமிடம் முதல் முக்கால் மணிவரை எரியும். இதைவிட அதிகம் தாங்கும் பெரிய ஆலைகள் இருக்கின்றன. அவற்றில் சூடும் கலக்கும் இயந்திரமும் ஆய்வுக்கூடமும் உண்டு, நம்மிடம் தடியும் நோட்டும்தான்.

வாரத்துக்கு 700 கிராம்தானே, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஊற்றிவிடலாம் என்ற கணக்கு மட்டும் ஒத்துவராது. கழிவை அரைக்கும்போதே அன்றைய எண்ணெயை விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று சேர்த்து, எண்ணெய்த் துளி கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவுக்கு அடித்து, ஆறும் முன் ஊற்றுங்கள். ஊற்றிய கையோடு பத்துச் சுற்று கலக்கல். எண்ணெய் சேர்ந்துவிட்டால் மூடிய டப்பாவில் இருக்கட்டும், கெட்டுப்போன எண்ணெயையும் கலன் வேண்டாம் என்று சொல்லாது.